சீமெந்துத் தாளில் ஒரு முதுகு

செத்தவர்களை நான் நன்றாகக் கீறுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குருநகரில் எனக்கு இருந்த பெயரே அதுதான்: செத்த ஆக்களைக் கீறுகிற பெட்டை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் ஸ்ரூடியோக்களில் படம் பெருப்பிக்கத் தாளும் இல்லை, மருந்தும் இல்லை, கரண்டும் இல்லை. சாவுக்கு மட்டும் ஒரு தடையும் இல்லை. முப்பத்தோராம் நாளுக்கு வீட்டில் வைத்து மாலை போட ஒரு முகம் வேண்டும். ஆகவே அடையாள அட்டைப் படத்தை என்னிடம் கொண்டுவந்து தருவார்கள்; நான் அதைக் கரியால் பெரிதாகக் கீறிக் கொடுப்பேன். தாய்மார் பார்த்தவுடன் குழறி அழுதால் படம் சரி. அழாமல் உற்றுப் பார்த்தால் மூக்கில் எங்கோ பிழை.

இருபது வயதுப் பெட்டைக்கு இது ஒரு சீவியமா? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் குந்தியிருந்த காலம் அது. எழும்பினால் செத்த முகம், சாப்பிட உட்கார்ந்தால் செத்த முகம். எனக்கு விசர் பிடித்துவிடும் போலிருந்தது. மூச்சு விடுகிற ஓர் ஆளைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்தி, தலையிலிருந்து குதிக்கால் வரைக்கும் கீறிப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் அடுத்த வளவில் இருந்த மீன் விற்கிற அக்காவைக் கேட்டேன். நல்ல எலும்புக்கட்டு, இடுப்பில் கடகத்தை வைத்து நடந்தால் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கப்போறன் பிள்ளை. என்னை விட்டிடு."

அவரைப் பிழை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் கரியில் வந்த முகம் என்றால் மாலை போட்ட முகம்தான். உயிரோடு இருக்கிறவரைக் கரியால் கீறுவது, ஆள் இருக்கும்போதே பெட்டிக்கு அளவெடுப்பதற்குச் சமம்.

கடைசியில் அண்ணைதான் ஓம் என்றார். என்னைவிட நாலு வயது மூத்தவர். அப்பா காய்ச்சலில் போன பிறகு வள்ளம் அவருடைய கைக்கு வந்தது. வீட்டில் நானும் அம்மாவும் அவரும் மட்டும்தான். எதற்கும் சிரிக்கிற மனிதர். "என்னை நிண்டபடி நித்திரை கொள்ள விட்டால் போதும்" என்றார்.

அம்மா குசினிக்குள் இருந்து அகப்பையோடு வெளியே வந்தார்.

"கெடுகுடி சொற்கேளாது எண்டுறது சரியாத்தான் கிடக்கு. ஊரிலை ஒருத்தரும் நிக்கமாட்டன் எண்டதுக்கு, கடலுக்குப் போறவனைக் கொண்டுவந்து நிப்பாட்டுறியோ?"

"அம்மா, இது சும்மா பழகிறதுக்கு."

"சும்மாவோ? உன்ரை கை பட்ட முகமெல்லாம் எங்கை கிடக்கு எண்டு யோசிச்சுப் பார்."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அண்ணை சிரித்துச் சமாளித்தார். இரண்டு நாள் வீட்டில் சட்டி பானைதான் கதைத்தது. பிறகு அம்மாவே ஒரு வழி சொன்னார்.

"கீறத்தான் வேணுமெண்டால் முதுகைக் கீறு. முகத்தைத் தொடாதை. முகம் இல்லாட்டி அது ஆரெண்டு ஒண்டுக்கும் தெரியாது."

ஒன்றுக்கும் என்று அவர் சொன்னது எதை என்று நான் கேட்கவில்லை. எனக்கு உடம்பு கிடைத்தால் போதும்.

இனித் தாள். என்னிடம் மிஞ்சியிருந்த சித்திரத் தாள் ஓர் ஆளின் தலைக்குத்தான் காணும். கொப்பித் தாளில் கரி வழுக்கியது. அண்ணை வலைக்கொட்டிலுக்குள் போய்ப் பழைய சீமெந்துப் பைகளை இழுத்துக்கொண்டு வந்தார். தடைக்கு முந்திய காலத்தில் கோயில் மதில் கட்டியபோது மிஞ்சியவை. சீமெந்தும் அப்போது உள்ளே வருவதில்லை, ஆகவே வெறும் பைக்கே ஒரு மரியாதை இருந்தது. அடித்தையலை வெட்டி விரித்தால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கனத்த பழுப்புத் தாள்கள். உள்தாள்களை உதறித் துடைத்து, மாப்பசையால் ஒட்டினேன். ஓர் ஆள் உயரம் வந்தது. எவ்வளவு துடைத்தும் தூள் முழுதும் போகவில்லை. விரல் நுனி காய்ந்து வெடித்தது.

கரி நானே சுட்டது. பூவரசங் குச்சிகளைப் பால்மாப் பேணிக்குள் அடுக்கி, மூடியை இறுக்கி, தணலுக்குள் புதைத்து எடுப்பேன். வெள்ளைத் தாளில் அந்தக் கரி சொன்னபடி கேட்கும். மெல்லத் தடவலாம், ஊதலாம், பாணின் வெள்ளைப் பகுதியை உருட்டி ஒற்றினால் வந்த சுவடே இல்லாமல் போகும். இந்தத் தாள் அப்படி இல்லை. வைத்த கோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. பாண் உருண்டையால் ஒற்றினால் உருண்டைதான் கறுத்தது, கோடு அப்படியே கிடந்தது. அம்மா வேறு அதைக் கண்டுவிட்டார்.

"சனம் பாணுக்கு விடிய வெள்ளெனப் போய் நிக்குது. நீ பாணாலை படம் அழிக்கிறாய். மாதாவே, எங்கை போய் முடியப்போகுதோ."

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தத் தாள் என்னை மயக்கிவிட்டது. வெள்ளைத் தாளில் எங்கள் ஆட்களைக் கீறுவதென்றால் முதலில் அந்த வெள்ளையைக் கொல்ல வேண்டும். தோல் எங்கும் கரி பூசி, பிறகுதான் உருவத்துக்கே வரலாம். சீமெந்துத் தாளில் அண்ணையின் நிறம் ஏற்கெனவே இருந்தது. நான் நிழலை மட்டும் வைத்தேன். முதுகு தானாகவே எழும்பி வந்தது. தோளில் வெயில் பட்ட இடத்துக்கு மீன் விற்கிற அக்காவின் வெற்றிலைச் சுண்ணாம்பை விரலால் தொட்டு வைத்தேன். வியர்வை மினுங்கியது. நான் துள்ளிக் குதித்துக் கத்தினேன். அண்ணை திரும்பிப் பார்க்கப் போனார்.

"திரும்பாதையுங்கோ! ஆடாமல் நில்லுங்கோ அண்ணை!"

பின்னேரங்களில், அவர் கடலுக்குப் போவதற்கு முன்பு, வலைக்கொட்டில் வாசலில் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். தூண்டில் நூலில் ஈயக்குண்டைக் கட்டி, கையை நீட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்து பார்ப்பேன். கழுத்துக்கு நேரே எந்தக் குதிக்கால் வருகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று அந்த நூல் சொல்லிவிடும். வலக்கை சரியாக வந்தது. இடக்கை வரவில்லை. எத்தனை தரம் கீறினாலும் முழங்கை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பழைய கோடுகளும் அழியவில்லை. ஒரு தோளுக்கு மூன்று தோள், ஒரு கைக்கு மூன்று கை.

எனக்குக் கோபம் வந்தது. "இடக்கையைத் தளர விடுங்கோ அண்ணை. மடிச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறியள்."

"விட்டுத்தான் நிக்கிறன்."

"இல்லை. நூல் காட்டுது."

"எடியேய், அது உவ்வளவுதான் நீளும். சின்னனிலை கரைவலைக் கயிறு சுத்தி முறிஞ்ச கை. ஒட்டினது உப்பிடித்தான்."

இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அந்தக் கை என்னைத் தூக்கியிருக்கிறது, குட்டியிருக்கிறது, சோற்றுக் கோப்பையை நீட்டியிருக்கிறது. அது முழுதாக நிமிராது என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன். அம்மாவைக் கேட்டேன். "அது எப்பவோ சுகமாப் போச்சுதே" என்றார். அம்மாவும் மறந்துபோயிருந்தார்.

படம் முடிந்ததும் கரி கொட்டாமல் இருக்க, சட்டை ஸ்திரிக்கை போடும்போது செய்வது போல வாயில் கஞ்சித் தண்ணீரை வைத்துப் பூவாகத் தூவினேன். மூளை இருந்தால் செய்திருக்கமாட்டேன். தாளுக்குள் கிடந்தது சீமெந்து அல்லவா? தண்ணீர் பட்டதும் அது தன் குணத்தைக் காட்டியது. காய்ந்தபோது தாள் விறைத்து, கரியும் சீமெந்தும் ஒன்றாக இறுகிவிட்டன. நகத்தால் சுரண்டினாலும் போகாது. பிழைக் கோடுகள் உட்பட எல்லாம் நிரந்தரமாகிவிட்டன.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொட்டில் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, உது கடலுக்குப் போறவன் மாதிரியெல்லோ நிக்குது."

"அண்ணை கடலுக்குத்தானேம்மா போறவர்."

"போறவன் போய் மறையவேணும் பிள்ளை. மறைஞ்சால்தான் வருவான். உது மறையாமல் போய்க்கொண்டே நிக்குது."

எங்கள் பகுதியில் தொழிலுக்குப் போகிறவரைப் பின்னால் நின்று கூப்பிடுவதில்லை. எங்கே போகிறாய் என்று கேட்பதும் இல்லை. எதையாவது மறந்துவிட்டுப் போனாலும் ஓடிப்போய் முன்னால் நின்று கொடுப்பார்களே தவிர, முதுகைப் பார்த்துக் குரல் கொடுக்கமாட்டார்கள். அம்மா தன் வாழ்நாளில் அப்பாவையும் கூப்பிட்டதில்லை, அண்ணையையும் கூப்பிட்டதில்லை. வாசல் படலையில் நின்று முதுகு மறையும்வரை பார்த்துவிட்டு உள்ளே வருவார். இப்போது நான் அந்த முதுகைக் கொட்டிலுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

சொல்லத்தான் வேண்டும், எனக்கும் அதைத் தனியே பார்க்க ஒரு மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் இன்னொன்று தொடங்கியது. தாளின் அடி ஓரம் நிலத்தில் முட்டிக்கொண்டு இருந்தது. உப்பு ஊறிய ஈர நிலம். முதலில் குதிக்காலில் சாம்பல் நிறத்தில் ஒரு பூப்பு. பிறகு கணுக்காலில். துடைத்தால் போகும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் மேலே நிற்கும். உப்பும் சீமெந்தும் ஈரத்தில் பூக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டினார்.

"ஓம். தண்ணி ஏறுது" என்றார்.

தாளை மேலே தூக்கி ஆணியடித்தேன். பூப்பு நிற்கவில்லை. உள்ளே போன ஈரம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அண்ணை அதைப் பார்த்து, "முழங்காலுக்கு வந்தால் சொல்லு, சாரத்தை இன்னும் தூக்கிக் கட்டுறன்" என்று பகிடி விட்டார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கும் அந்தப் பகிடி பிடிக்கவில்லை.

கடலுக்குப் போக வேண்டாம் என்று நேவி தடை போட்டிருந்த காலம். கரையோரத்தில் மீன் இல்லை. அரிசி விற்ற விலைக்கு வீட்டில் இருக்கவும் முடியாது. எல்லாரும் போனார்கள், அண்ணையும் போனார். அன்றைக்கு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போட்டு வாறன்" என்றார். அம்மா படலையில் நின்றார். நான் கொட்டில் வாசலில் நின்றேன். ஒரே நேரத்தில் இரண்டு முதுகையும் பார்த்தேன். ஒன்று ஒழுங்கையில் திரும்பி மறைந்தது. மற்றது சுவரில் நின்றது, முழங்கால் வரைக்கும் சாம்பலில்.

விடிய மற்ற வள்ளங்கள் வந்தன. அண்ணையின் வள்ளம் வரவில்லை. வந்தவர்கள் சொன்னது இவ்வளவுதான்: கடலில் நேவியின் வெளிச்சம் கண்டது, வெடிச்சத்தம் கேட்டது, எல்லாரும் சிதறி ஓடியது. அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா கரையிலேயே இருந்தார். சாப்பாட்டைக் கொண்டுபோனால் மணலில் வைத்துவிட்டு மறந்துவிடுவார். நான் கொட்டிலுக்குள் போகவில்லை. போனால் பூப்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டி வரும்.

பிறகு ஒரு காலை, பாசையூர்க் கரையில் ஒரு சவம் ஒதுங்கியிருப்பதாக ஆள் வந்தது. நாங்கள் போய்ச் சேரும்போது அதைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். முகம் இல்லை. மீன் விட்டுவைக்கவில்லை. நீலக் கட்டம் போட்ட சாரம், அண்ணை கட்டுவது போலவே. அம்மா அந்தச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "என்ரை ராசா" என்று விழுந்தார். நானும் குழறினேன். பெட்டிக்கு ஆள் போய்விட்டது. கோயில் மணிக்கும் சொல்லியாகிவிட்டது.

அழுதுகொண்டே நான் கையைப் பார்த்தேன். பார்க்க வேண்டுமென்று பார்க்கவில்லை. பழகிய கண் தானாகப் போனது. இடக்கை பாயில் முழுதாக நீட்டிக் கிடந்தது. முழங்கை பாயோடு பாயாக ஒட்டியிருந்தது.

"அம்மா, இது அண்ணை இல்லை."

யாரும் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். கரையில் நின்ற பெரியவர் ஒருவர் என்னை விலக்கினார்.

"பிள்ளை, மரத்தாலை விழுந்தவளை மாடேறி மிதிச்ச மாதிரிச் செய்யாதை. முகமில்லாததை நீ என்னெண்டு சொல்லுவாய்?"

கதையால் சரிவராது என்று தெரிந்தது. வீட்டுக்கு ஓடினேன். கொட்டில் ஆணியிலிருந்து தாளைப் பிடுங்கினேன். பூப்பு எதுவரை இருந்தது என்று அப்போதும் பார்க்கவில்லை. கொண்டுவந்து சவத்துக்குப் பக்கத்தில் மணலில் விரித்தேன். காற்று தூக்கப் பார்த்தது. நாலு மூலைக்கும் கல் வைத்தேன்.

"அண்ணையின்ரை இடக்கை நிமிராது. பாருங்கோ. மூண்டு தரம் கீறியிருக்கிறன், மூண்டு தரமும் நிமிரேல்லை. இந்தக் கை நிமிர்ந்து கிடக்கு."

சனம் நெருங்கி வந்தது. அம்மா தாளைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். மெல்லக் கையை நீட்டி, அந்தச் சவத்தின் முழங்கையைப் பிடித்துத் தடவினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கு ஒரு மகன் வேண்டும், இல்லையென்றால் ஒரு குழி வேண்டும். இரண்டில் ஒன்றை நான் அவர் கையிலிருந்து பறித்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

"ஓம்" என்றார் கடைசியில். "கை அவன்ரை இல்லை. இது ஆரோ பெத்த பிள்ளை." துணியை இழுத்துச் சவத்தை மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப அவன் எங்கை?" என்று கேட்டார். நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போலக் கேட்டார்.

மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒரு குடும்பம் விஷயம் கேள்விப்பட்டு வந்தது. அந்த மனிசி காலைப் பார்த்தே நெஞ்சிலடித்துக்கொண்டு கத்தத் தொடங்கினார். தன் புருஷன் என்றார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு சவம் கிடைத்ததற்காக அந்த மனிசியில் எனக்குப் பொறாமையாக இருந்தது.

முப்பத்தோராம் நாளை அம்மா ஏற்கவில்லை. பூசைக்கும் கொடுக்கவில்லை. கறுப்பும் உடுக்கவில்லை. ஊர் தன்பாட்டில் கதைத்தது: தமையனுக்கு ஒரு முகம் கீறி வைக்க உனக்குக் கை வரவில்லையா என்று. அவருடைய அடையாள அட்டை அவரோடு போய்விட்டது. வீட்டில் இருந்தது கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த படம் ஒன்று, எட்டு வயதில் மெழுகுதிரி பிடித்தபடி. நான் ஒளித்து இருந்து மனதிலிருந்து கீறிப் பார்த்தேன். கண் வரவில்லை. எந்தக் கண்ணைக் கீறினாலும் முன்பு நான் கீறிக் கொடுத்த யாரோ ஒருவருடைய கண்ணாகவே வந்தது. கிழித்து அடுப்புக்குள் போட்டேன். அதன் பிறகு செத்தவர்களையும் கீறுவதில்லை என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

தொண்ணூற்றைந்தில், இராணுவம் வருகிறதென்று ஊரே எழும்பி மழைக்குள் நடந்தபோது, அம்மா சட்டி பானையை விட்டார், மாதா சொரூபத்தைக்கூட மீன் விற்கிற அக்காவிடம் கொடுத்தார். சீமெந்துத் தாளை மட்டும் சுருட்டி, அண்ணையின் சாரத்தால் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மழை விட்ட ஒரு பகலில், தாளைக் காய வைக்க வேண்டுமென்று கரும்பலகையின் மேல் விரித்து நிறுத்தினோம். வேறு தாளென்றால் கூழாகியிருக்கும். இது ஊறித்தான் இருந்தது. ஆனால் சீமெந்து கரியை விடவில்லை. சாம்பல் தோளையும் தாண்டியிருந்தது. அதற்குள்ளே முதுகு நின்றது. மூன்று தோள், நிமிராத கை.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான்தானே முகம் வேண்டாமெண்டனான்" என்றார்.

வகுப்பறையில் இருந்த மற்றச் சனம் சமைத்துக்கொண்டும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டும் இருந்தது. அம்மா எழும்பித் தாளுக்குக் கிட்டப் போனார். முந்தானையால் தோளில் கிடந்த சாம்பலைத் துடைத்துவிட்டார். பிறகு ஓர் அடி பின்னால் வந்து நின்று, அந்த முதுகைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தரமாக மகனைப் பின்னாலிருந்து, "மோனை" என்று கூப்பிட்டார்.